சாகப்போகிறவர்களின் வணக்கம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் திருச்சியில் ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரியின் மகளிர் கபடி அணியில் ஆடுகிறேன். கொஞ்ச நாளாக ஒரு செயலியை வைத்துக்கொண்டு லத்தீன் கற்று வருகிறேன். அடுத்த மாதப் போட்டிக்காக அணிக்குப் புது டி-ஷர்ட் அடிக்கிறோம். முதுகுப் பக்கம் ‘மோரிதூரி தே சலூதாமுஸ்’ என்று போடலாம் என்பது என் யோசனை. ரோம அரங்குகளில் சண்டையிட்ட கிளாடியேட்டர்கள் களத்தில் இறங்கும் முன் பேரரசரைப் பார்த்துச் சொல்லும் வீர முழக்கம் அது: ‘சாகப்போகும் நாங்கள் உன்னை வணங்குகிறோம்.’

என் சந்தேகம், நாங்கள் எல்லோரும் பெண்கள் என்பதால் ‘மோரிதூரி’ மாறுமா? சில இடங்களில் ‘சலூதாந்த்’ என்றும் இருக்கிறதே, எது சரி? இதையெல்லாம் ஆங்கிலேயர் மாதிரி உச்சரிப்பதா, இத்தாலியர் மாதிரி உச்சரிப்பதா? அஜெண்டா என்ற சொல்லும் இதே வகைதானா? கூடவே இன்னொன்று. செத்த மொழியைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று தோழிகள் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்தபோது, ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதிய ரோமப் பேரரசன் கிளாடியஸின் வரலாறு என் மேசையில் விரித்தபடி இருந்தது. நீங்கள் டி-ஷர்ட்டில் போட நினைக்கும் வாக்கியம் இருக்கும் அதே பக்கம். சில வாரங்களாக அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் கேட்டதற்குப் பதில். உங்கள் சந்தேகம் நியாயமானது. ‘மோரிதூரி’ ஆண்பால் பன்மை. எல்லோரும் பெண்கள் என்றால் ‘மோரிதூரே’. ஒருத்தி மட்டும் என்றால் ‘மோரிதூரா’, ஒருவன் மட்டும் என்றால் ‘மோரிதூருஸ்’. ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல் அவர்கள் வைத்திருக்கும் மூன்றாவது பாலுக்கு ‘மோரிதூரும்’. ‘சலூதாமுஸ்’ என்றால் வணங்குகிறோம், ‘சலூதாந்த்’ என்றால் வணங்குகிறார்கள். சூட்டோனியஸில் இருப்பது ‘சலூதாந்த்’. உச்சரிப்புச் சண்டைக்குள் நான் வரவில்லை, உங்களுக்கு எது வாயில் வருகிறதோ அப்படிச் சொல்லுங்கள். அஜெண்டா வேறு வகை, அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

இந்த வேற்றுமை உருபுகளைக் கண்டு நீங்கள் பயப்படத் தேவையே இல்லை. பள்ளியில் வினையாலணையும் பெயர் படித்திருப்பீர்கள். வந்தவன், வந்தவளை, வந்தவர்களுக்கு. வினையிலிருந்து பிறந்து, காலத்தை உள்ளே வைத்துக்கொண்டு, பெயரைப் போல வேற்றுமை உருபும் ஏற்கும் சொல். லத்தீன் எச்சம் (ஆங்கிலத்தில் பார்ட்டிசிபிள், உங்கள் ‘மோரிதூரி’ எதிர்கால எச்சம்) தனியாக நிற்கும்போது செய்வது கிட்டத்தட்ட அதேதான். ‘மோரிதூரோரும்’ என்றால் சாகப்போகிறவர்களுடைய. ‘மோரிதூரிஸ்’ என்றால் சாகப்போகிறவர்களுக்கு. தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இது அரைமணி நேர வேலை. உங்கள் செயலி அதை ஆங்கிலத்தின் வழியாகச் சொல்லிக்கொடுப்பதால்தான் இத்தனை சிக்கலாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் கவனித்து வையுங்கள். சாவதற்கான லத்தீன் வினை உருவத்தில் செயப்பாட்டு வினை, பொருளில் செய்வினை. செத்துக்கொண்டிருக்கிறவன் ‘மோரியென்ஸ்’, ஆணோ பெண்ணோ எழுவாய் ஒருமையில் ஒரே வடிவம்தான். செத்தவன் ‘மோர்த்துவுஸ்’. பொதுவாக, இறந்தகால எச்சம் எந்த அடியிலிருந்து பிறக்கிறதோ அந்த அடியிலிருந்துதான் எதிர்கால எச்சமும் பிறக்கும். அப்படிப் பார்த்தால் ‘மோர்த்தூருஸ்’ என்று வந்திருக்க வேண்டும். ஆனால் நடுவில் ஓர் இகரம் புகுந்து ‘மோரிதூருஸ்’ ஆகிவிட்டது. உதிப்பது, பெற்றெடுப்பது ஆகிய வினைகளுக்கும் இப்படித்தான் நடுவில் இகரம் வரும்: ‘ஓரிதூருஸ்’, ‘பாரிதூருஸ்’. உதிப்பதும் பெற்றெடுப்பதும் சாவதும் ஒரே மாதிரி விதி மீறுகின்றன. மனப்பாடம் செய்ய இது போதும்.

சரி, இப்போது உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும்.

வீர முழக்கம் என்று யார் சொன்னார்கள் உங்களுக்கு? எந்தப் பக்கத்தில் படித்தீர்கள்? ஜெரோம் என்ற பிரெஞ்சுக்காரர் 1859-இல் ஒரு பெரிய ஓவியம் வரைந்தார். வட்ட அரங்கம், மணல், கேடயத்தைத் தூக்கிப் பிடித்து நிற்கும் கிளாடியேட்டர்கள், மேலே தடித்த பேரரசன். அந்த ஓவியத்துக்கு இந்த வாக்கியத்தையே தலைப்பாக வைத்தார். அதன் பிறகு வந்த படங்களும் கதைகளும் கிளாடியேட்டர்கள் தினமும் காலையில் வணக்கம் சொல்வது போல இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று நம்பவைத்துவிட்டன. பழைய நூல்களில் இந்த வாக்கியம் ஒரே ஒரு சம்பவத்தில்தான் வருகிறது. சொன்னவர்கள் கிளாடியேட்டர்கள் இல்லை. சொன்ன இடம் அரங்கமும் இல்லை, ஓர் ஏரி. இலக்கியம் படிக்கிற பிள்ளை நீங்கள். ஒரு வாக்கியத்தை முதுகில் சுமப்பதற்கு முன்னால் அது யார் வாயிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டாமா?

கி.பி. 52. ரோமுக்குக் கிழக்கே, இன்றைய அப்ருட்ஸோ பகுதியில் மலைகளுக்கு நடுவே ஃபூசினோ என்ற பெரிய ஏரி. அந்த ஏரியை வடித்து நிலமாக்க கிளாடியஸ் மலையைக் குடைந்து கால்வாய் வெட்டினான். 30,000 பேர், 11 ஆண்டுகள் என்கிறார் சூட்டோனியஸ். வேலை முடிந்து தண்ணீரைத் திறந்துவிடும் முன், அந்த ஏரியிலேயே ஒரு கடற்போரை வேடிக்கையாக நடத்திக் காட்ட ஏற்பாடு செய்தான். போர் என்றால் நடிப்பு இல்லை. ஆயுதம் கொடுத்துக் கப்பலில் ஏற்றியது 19,000 பேர் என்று இன்னொரு ரோம வரலாற்றாசிரியரான டாசிட்டஸ் எழுதுகிறார். எல்லோரும் தண்டனை பெற்ற கைதிகள். யாரும் தப்பி ஓடாமல் இருக்க ஏரியைச் சுற்றிலும் தெப்பங்களைக் கட்டி, அதன்மேல் மெய்க்காவல் படையையும் குதிரைப் படையையும் நிறுத்தி, கல்லெறியும் பொறிகளையும் கரையை நோக்கி இல்லாமல் ஏரியை நோக்கித் திருப்பி வைத்திருந்தார்கள். கரை நிறைய ஜனம். கிளாடியஸும் அவன் தத்தெடுத்த சிறுவன் நீரோவும் படைத்தலைவர் அங்கியில், கிளாடியஸின் மனைவி அக்ரிப்பினா பொன்னிழை மேலாடையில். ஏரியின் நடுவிலிருந்து வெள்ளியால் செய்த கடல் தேவன் ஒருவன் பொறியில் எழும்பி வந்து ஊதுகொம்பு ஊத, சிசிலி அணி என்றும் ரோட்ஸ் அணி என்றும் பிரித்த கப்பல்கள் மோத வேண்டும்.

அந்தக் கைதிகள்தான் கத்தினார்கள்: ‘ஹாவே, இம்பெராதோர், மோரிதூரி தே சலூதாந்த்.’ வாழ்க பேரரசே, சாகப்போகிறவர்கள் உன்னை வணங்குகிறார்கள்.

கிளாடியஸ் இரண்டே சொல்லில் பதில் சொன்னான்: ‘ஆவுத் நோன்.’ அல்லது, இல்லை.

இனி நடந்ததை சூட்டோனியஸ் ஒரே நீண்ட வாக்கியத்தில் சொல்கிறார். அந்த வாக்கியத்தைத்தான் நான் வாரக்கணக்காக வைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எச்சத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அட்டவணையை மூடிவிட்டு இந்த ஒரு வாக்கியத்தைப் படியுங்கள், எல்லா வகையும் இதில் இருக்கிறது. கத்துகிற கைதிகளுக்கு ‘ப்ரோக்லமான்திபுஸ்’. நிகழ்கால எச்சம், நான்காம் வேற்றுமை, பன்மை. பிறகு நம்முடைய ‘மோரிதூரி’, எதிர்காலம், எழுவாய், பன்மை. பேரரசனின் பதிலைக் கேட்டதும், மன்னிப்புக் கொடுத்தாகிவிட்டது என்பது போல ஒருவனும் சண்டை போட மறுத்துவிட்டான். அந்த இடத்தில் ‘வேனியா தாதா’, கொடுக்கப்பட்ட மன்னிப்பு. ‘தாதா’ இறந்தகால எச்சம், பெண்பால், ஏனென்றால் மன்னிப்பு என்ற சொல் லத்தீனில் பெண்பால். வாக்கியத்தின் எழுவாயோடும் செயப்படுபொருளோடும் ஒட்டாமல் தனியாக நிற்பதற்கென்றே அவர்களிடம் ஒரு வேற்றுமை அமைப்பு உண்டு. அந்த மன்னிப்பு நிற்பது அதில்தான். இலக்கணப்படியே அது யாருக்கும் சேராத மன்னிப்பு.

அப்புறம் பேரரசனுக்கு இரண்டு எச்சங்கள். ஒன்று ‘குங்க்தாத்துஸ்’, தயங்கியவன். இவர்கள் எல்லோரையும் நெருப்பாலும் வாளாலும் முடித்துவிடலாமா என்று வெகுநேரம் யோசித்தானாம். இரண்டாவது ‘திஸ்குர்ரென்ஸ்’, ஓடிக்கொண்டிருக்கிறவன். இருக்கையிலிருந்து குதித்து எழுந்து, பார்க்கச் சகிக்காத தள்ளாட்டத்தோடு ஏரிக்கரையில் ஓடினான். அவனுக்குச் சிறுவயதிலிருந்தே கால் பலம் கிடையாது. பாதி மிரட்டியும் பாதி தைரியம் சொல்லியும் அவர்களைச் சண்டைக்குத் தள்ளினான்.

வாக்கியத்தில் யாருக்கு எந்த எச்சம் கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். கத்துகிறவர்கள், சாகப்போகிறவர்கள் ஒரு பக்கம். தயங்கியவன், ஓடிக்கொண்டிருக்கிறவன் மறுபக்கம். நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மன்னிப்பு. ஓர் ஆசிரியர் இதை உங்களுக்கு ஒரு மணி நேரம் நடத்தியிருந்தால் நீங்கள் இந்த டி-ஷர்ட்டைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டீர்கள்.

‘ஆவுத் நோன்’ ஒரு விளையாட்டுப் பேச்சு, கிளாடியஸ் அசட்டுத்தனமாக உளறினான் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கிளாடியஸ் படிப்பாளி. எழுத்துகளைப் பற்றி நூல் எழுதியவன், லத்தீன் நெடுங்கணக்கில் மூன்று எழுத்துகளைப் புதிதாகச் சேர்த்தவன். இலக்கணம் அவனுக்கு ரத்தத்தில் ஊறியது. எதிர்கால எச்சத்தைக் கேட்டவுடன் அதில் உள்ள இடைவெளி அவன் காதில் விழுந்திருக்கிறது. சாகப்போகிறவர்கள் என்றால் இன்னும் சாகாதவர்கள். போகிறவர்கள் போகாமலும் இருக்கலாம். அவன் அந்த இடைவெளியைத்தான் சொல்லிக் காட்டினான் என்பது என் கட்சி. அவன் சொன்னது இலக்கணம். கேட்டவர்களின் காதில் அது விடுதலையாக விழுந்தது. இரண்டுக்கும் அந்த எச்சம் இடம் கொடுத்தது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். எதிர்கால எச்சம் ஜோசியம் சொல்வதில்லை. நாளைக்கு இது நடக்கும் என்று உறுதி கொடுக்க லத்தீனில் வேறு வினைமுற்று இருக்கிறது. எச்சம் பேசுவது இந்த நிமிடத்தைப் பற்றி. இன்னும் நடக்காத ஒன்றை நோக்கி இந்த மனிதன் இப்போது எப்படி நிற்கிறான்? துணிந்து நிற்கிறானா, தள்ளப்பட்டு நிற்கிறானா, ஒன்றும் தெரியாமல் நிற்கிறானா? அதை வாக்கியம் முடிவு செய்யும், எச்சம் முடிவு செய்யாது. ஆங்கிலத்தில் இதை மொழிபெயர்க்கும்போது ‘இதோ அடுத்த கணம் சாகப்போகிற’ என்ற ஒரே பொருள்தான் மிஞ்சுகிறது. மீதி எல்லாம் உதிர்ந்துபோகிறது.

ரோமக் கவிஞர் வர்ஜிலின் ஏனியட் காவியத்தைப் பாருங்கள். நாயகன் ஏனியாஸ் விட்டுப்போன ராணி டிடோ தன்னைப் பற்றி ‘குவெம் மெத்துயி மோரிதூரா?’ என்கிறாள். யாருக்குப் பயந்தேன், சாகப்போகிறவள் நான்? அவள் முடிவெடுத்துவிட்டாள், இங்கே ‘மோரிதூரா’ சாகத் துணிந்தவள். டிராய் எரியும் இரவில் அந்நகரின் கிழ மன்னர் பிரியாம் உதவாத வாளை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரிக் கூட்டத்துக்குள் போகிறாரே, அங்கே அதே சொல் ‘மோரிதூருஸ்’. அவருக்கு வேறு வழியில்லை, சாவு வாசலுக்கு வந்துவிட்டது. பத்தாம் பாகத்தில் தந்தையைக் காப்பாற்றப் பாய்ந்து வரும் லௌசுஸ் என்ற இளைஞனைப் பார்த்து ஏனியாஸ் கத்துகிறான்: ‘குவோ மோரிதூரே ருயிஸ்?’ எங்கே பாய்கிறாய், சாகப்போகிறவனே? இது விளி வேற்றுமை. காதுக்கு உங்கள் பெண்பால் பன்மை போலவே கேட்கும், எழுத்தில் வேறு. ஏனியாஸ் அவனைச் சபிக்கவில்லை, தடுக்கிறான். திரும்பிப் போ, செத்துவிடாதே என்று மன்றாடும் சொல் அது. பையன் கேட்கவில்லை, ஏனியாஸ் கையாலேயே செத்தான். ஆனாலும் சொன்ன நேரத்தில் அந்த எச்சத்துக்குள் கதவு திறந்துதான் இருந்தது.

ஹோரஸ் என்ற ரோமக் கவிஞர் இன்னும் ஒரு படி போகிறார். டெல்லியுஸ் என்ற நண்பருக்கு எழுதிய பாட்டில், கஷ்டத்தில் மனதைச் சமமாக வைத்துக்கொள், நல்ல காலத்தில் துள்ளாதே என்று புத்தி சொல்லிக்கொண்டே வந்து அழைக்கிறார்: ‘மோரிதூரே தெல்லி.’ டெல்லியுஸ் நோயாளி இல்லை, போருக்கும் போகவில்லை. நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிற ஆள். மனிதன் என்பதாலேயே சாகப்போகிறவன். துணிவு, நெருக்கடி, தடுப்பு, மனிதனின் இயல்பு என்று ஒரே எச்சத்துக்கு இத்தனை பொருள். இதில் எதை உங்கள் முதுகில் போடப்போகிறீர்கள்?

ஏரிக்காரர்களுக்கு வருகிறேன். காஸியஸ் டியோ என்ற வரலாற்றாசிரியர் இன்னொரு செய்தி தருகிறார். வணக்கம் சொல்லியும் பலிக்காமல், சண்டை போடத்தான் வேண்டும் என்று உத்தரவானதும், அவர்கள் ஒருவர் அணிக்குள் ஒருவர் கப்பலைச் செலுத்திப் புகுந்து வெளியே போய், முடிந்தவரை யாரையும் காயப்படுத்தாமல் பார்த்துக்கொண்டார்களாம். கட்டாயப்படுத்திய பிறகுதான் வெட்டிக்கொண்டார்கள். வீரமாகச் சாக வந்தவர்கள் செய்கிற காரியமா இது? அந்த வணக்கம் ஒரு மனு. உயிர்ப்பிச்சை கேட்டார்கள், அதை நேரடியாகக் கேட்க முடியாத இடத்தில் நின்று கேட்டார்கள். டாசிட்டஸோ குற்றவாளிகள் என்றாலும் வீரர்களைப் போலச் சண்டையிட்டார்கள் என்று எழுதுகிறார். பல காயங்களுக்குப் பிறகு அவர்கள் கொல்லப்படாமல் விடுவிக்கப்பட்டார்கள் என்றும் எழுதுகிறார். ‘எக்ஸெம்ப்தி சுந்த்’, விடுவிக்கப்பட்டவர்கள் ஆனார்கள். இதுவும் எச்சம்தான், எழுவாய் பன்மைதான். எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று அவர் கணக்குச் சொல்லவில்லை. மிஞ்சியவர்கள் விஷயத்தில் கிளாடியஸின் இலக்கணம் சரியாகப் போயிற்று.

டி-ஷர்ட்டை முடித்துவிடுவோம். லத்தீனில் வெல்வதற்கு ஒரு வினை, வாழ்வதற்கு வேறு வினை. ஆனால் எதிர்கால எச்சத்துக்கு வரும்போது இரண்டும் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன: ‘விக்தூருஸ்’. வாழ்வதில் முதல் இகரம் நெடில், வெல்வதில் குறில், உச்சரிப்பில்தான் வித்தியாசம். ஆகவே ‘விக்தூரே’ என்று பெண்பால் பன்மையில் எழுதினால், வெல்லப்போகிறவர்கள், வாழப்போகிறவர்கள் இரண்டும் நீங்கள்தான். பேரரசன் ஒருவன் என்பதால் அங்கே ‘தே’ வந்தது. உங்கள் முன்னால் இருப்பது கேலரி நிறைய ஆட்கள், ‘வோஸ்’ போடுங்கள். ‘விக்தூரே வோஸ் சலூதாமுஸ்.’ முதல் சொல்லின் கடைசியில் ஏ, இ (ae) என்று இரண்டு லத்தீன் எழுத்துகள் வர வேண்டும். அச்சடிப்பவர் ஒன்றைத் தின்றுவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செத்த மொழி என்று சொன்னீர்கள். தோழிகள் சொன்னதாகச் சொன்னீர்கள், ஆனால் உங்களுக்கும் அந்த எண்ணம் இருக்கிறது, எழுத்தில் தெரிகிறது. நீங்கள் தினமும் சொல்கிற ஃப்யூச்சர் என்ற சொல்லே ‘ஃபுதூருஸ்’ என்ற எதிர்கால எச்சம்தான், இருக்கப்போவது. இதைத் தோழிகளிடம் சொல்லிப் பாருங்கள். அதற்கும் என்ன பயன் என்று கேட்டால் விட்டுவிடுங்கள். பயன் கேட்கிறவர்களைத் திருப்திப்படுத்துவது உங்கள் வேலை இல்லை, ரெய்டு போவதும் புத்தகம் படிப்பதும்தான் உங்கள் வேலை.

என் தாத்தாவிடம் யாரும் பயன் கேட்கவில்லை. தெற்கே ஒரு கடற்கரை ஊரின் கத்தோலிக்கக் கோயிலில் அவர் உபதேசியார், வேதம் சொல்லிக்கொடுப்பவர். 1960களின் நடுவில், நான் சின்னப் பையனாக இருந்த காலத்தில், பூசை தமிழுக்கு மாறத் தொடங்கியிருந்தது. வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரிலேயே அதற்கு வழி திறந்துவிட்டது. ஆனால் எங்கள் ஊரில் அடக்கப் பூசை மட்டும் இன்னும் சில காலம் லத்தீனில் ஓடியது. சாமியார் கறுப்பு உடுப்பில் பீடத்தில் நிற்பார், நடுவில் தூம்பாவை, அதாவது சவப்பெட்டி மேடையை, சுற்றி மெழுகுதிரி, தாத்தா ஆர்மோனியத்தின் பக்கத்தில். அவர் கையில் கோடு போட்ட ஒரு பழைய நோட்டு. லத்தீன் பாட்டு முழுக்கத் தமிழ் எழுத்தில். ‘தியேஸ் ஈரே’ (கோபத்தின் நாள்) என்று தொடங்கும், இறுதித் தீர்ப்பைப் பற்றிய பாட்டில் ஒரு கண்ணி இப்படி இருக்கும்:

குவாந்துஸ் த்ரேமோர் எஸ்த் ஃபுதூருஸ்,
குவாந்தோ யூதெக்ஸ் எஸ்த் வென்தூருஸ்,
குங்க்தா ஸ்த்ரிக்தே திஸ்குஸ்ஸூருஸ்.

மூன்று அடியின் கடைசியிலும் எதிர்கால எச்சம். இருக்கப்போகிற நடுக்கம், வரப்போகிற நடுவர், எல்லாவற்றையும் கண்டிப்பாக அலசப்போகிறவர். தாத்தா ஆய்த எழுத்தை நம்பாதவர், நோட்டில் ‘புதூருஸ்’ என்று எழுதியிருந்தார். பிள்ளைகள் புதூர், வேந்தூர் என்று ஊர்ப்பெயர் போலச் சொல்லிக்கொண்டு பின்னால் நிற்போம். ஒவ்வொரு அடிக்கும் கீழே பென்சிலில் அர்த்தம். யாரோ ஒரு சாமியார் சொல்லக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். ‘நடுத்தீர்க்க வரப்போறவர் இப்பமே வந்துகிட்டிருக்கார்’ என்று இரண்டாவது அடிக்குக் கீழே இருந்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

சாமியார் ஆகப் படிக்கும் இளங்குருமடத்தில் லத்தீன் படித்தபோதுதான் அந்தப் பென்சில் வரியின் அருமை புரிந்தது. பழைய தமிழ் விசுவாசப் பிரமாணத்தில் ‘நடுத்தீர்க்க வருவார்’ என்று சொல்லிவந்தோம். வருவார் என்றால் என்றைக்கோ. லத்தீனில் ‘வென்தூருஸ் எஸ்த்’. ‘எஸ்த்’ நிகழ்கால வினை: இருக்கிறார், வரப்போகிறவராக இப்போதே இருக்கிறார். தாத்தாவுக்கு இலக்கணம் தெரியாது. எச்சம் என்றால் தட்டில் மிச்சம் வைப்பது என்றுதான் சொல்வார். ஆனால் ‘இப்பமே’ என்று எழுதினார் பாருங்கள், மேலே நான் பக்கம் பக்கமாக மன்றாடிக்கொண்டிருப்பது அந்த ஒரு சொல்லைத்தான்.

அதே பாட்டில் கொஞ்சம் கீழே, ‘குயித் சும் மிசேர் துங்க் திக்தூருஸ், குவெம் பத்ரோனும் ரோகாத்தூருஸ், கும் விக்ஸ் யுஸ்துஸ் சித் செகூருஸ்’ என்று வரும். பாவி நான் அப்போது என்ன சொல்லப்போகிறேன், எந்த ஆதரவாளரைக் கேட்கப்போகிறேன், நீதிமானே அரைகுறையாகத்தான் பத்திரமாக இருக்கும்போது? திக்தூருஸ், ரோகாத்தூருஸ் இரண்டும் எச்சம். மூன்றாவதான செகூருஸ் அதே இயைபில் வந்து ஏமாற்றும், அது எச்சமே இல்லை, கவலையற்ற என்று பொருள் தரும் சாதாரணப் பெயரடை. உங்கள் செயலி இப்படி ஒரு கேள்வியாவது கேட்கிறதா? இந்த இரண்டு கண்ணிகளையும் மனப்பாடம் செய்யுங்கள், எதிர்கால எச்சம் ஆயுசுக்கும் மறக்காது. 1970-இன் புதிய பூசைப் புத்தகத்தில் அடக்கப் பூசையிலிருந்து இந்தப் பாட்டை எடுத்துவிட்டார்கள். மிரட்டுகிற பாட்டு, எடுத்தது சரிதான் என்பவர்கள் உண்டு. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.

தாத்தா இறந்து, வீட்டைப் பாகம் பிரித்தபோது, அந்த நோட்டைப் பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டார்கள் எங்கள் உறவுக்காரர்கள். பித்தளைக் குத்துவிளக்குக்கு மூன்று நாள் சண்டை நடந்த வீட்டில், ஒரு கோயில்காரர் ஆயுள் முழுக்கப் பாடிய ஏட்டை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. தமிழ் எழுத்தில் லத்தீன் எழுதி, கீழே தன் ஊர்த் தமிழில் அர்த்தம் எழுதி வைத்த மனிதர்கள் கடற்கரை நெடுக இருந்தார்கள். அவர்கள் எந்தச் சொல்லை எப்படிக் கேட்டார்கள், எங்கே திணறினார்கள், எதை அழகாகப் பிடித்தார்கள் என்பதெல்லாம் அந்த நோட்டுகளில் மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே கே., நீங்களும் இதைப் படிக்கிற மற்றவர்களும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில், உங்கள் பங்குக் கோயில் வட்டாரத்தில், உபதேசியாராகவோ கோயில் பாடகராகவோ இருந்தவரின் வீடு இருந்தால் போய்க் கேளுங்கள். பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், செபப் புத்தகங்களுக்கு நடுவே கிடக்கும். கிடைத்தால் ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள், பென்சில் எழுத்து விழுகிற மாதிரி எடுங்கள். நோட்டை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, படத்தை இந்தத் தளத்துக்கு அனுப்புங்கள். படிக்க முடியாத இடங்களை நான் உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.